ஓரத்துக் கட்டம்

"அது தங்கலீங்க டீச்சர், செத்தே பொறந்துருச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இருங்க, காப்பி வெக்கறேன், பாலு இப்பத்தான் வந்துச்சு" என்று பாவாத்தா அடுப்படிக்குள் போய்விட்டாள். துளசிமணியின் பேனா படிவத்தின் மேல் நின்றுவிட்டது. எழுதுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, தலைப்பில் 'இறந்து பிறந்தது' என்று போட்டிருக்கும், அதில் ஒரு டிக் அடித்தால் முடிந்தது. பிறப்புத் தாள் வேண்டாம், இறப்புத் தாளும் வேண்டாம். அந்தக் கட்டத்துக்குள் போன குழந்தை பிறந்ததும் இல்லை, செத்ததும் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி கறக் கறக் என்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. பக்கத்து வீட்டுத் தறிகள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன, சுவரில் கை வைத்தால் அதிரும். சோபாவின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்து, அந்தக் கட்டத்தையே பார்த்தாள். அறுபத்து மூன்று வயதுக் கண்ணுக்கு அது ஒரு மிளகு அளவுதான் தெரிந்தது. அடுப்படியில் லைட்டர் நாலைந்து தரம் டிக் டிக் என்றது, அப்புறம் பற்றியது. ஒரு காப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகும். பால் பொங்க வேண்டும், இறக்க வேண்டும், ஆற்ற வேண்டும். பத்து நிமிஷம். அதற்குள் பேனாவை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று முடிவு பண்ணியாக வேண்டும்.

முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. பால்வாடி டீச்சராக இருந்தபோது கூடவே ஒட்டிக்கொண்ட வேலை, பால்வாடியிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை. இருநூற்றுப் பதினாறு வீடுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாசலிலும் நின்று யார் பிறந்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், யார் வந்தார்கள், யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். மாநிலம் முழுக்க இப்படிச் சில நூறு இடங்களைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்தச் சில நூறு பேர் கேட்டு எழுதுவதை வைத்துத்தான் இந்த மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு, இத்தனை சாவு என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள். "டீச்சர், உங்க பகுதியில ஒரு குழந்தை விட்டுப்போச்சுன்னா எங்க கணக்குல ஒரு ஊர்க் குழந்தைங்களே விட்டுப்போன மாதிரி" என்று சென்னையிலிருந்து வரும் சூப்பர்வைசர் சொல்வார். வரும் திங்கட்கிழமை அவர் வருகிறார். அவரும் தனியாக வீடு வீடாகப் போய்க் கேட்பார், பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார். அவரிடமும் பாவாத்தா இதையேதான் சொல்லப்போகிறாள். இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருந்தால் அது சரி. கணக்கில் சரி என்றால் அவ்வளவுதான் அர்த்தம். இரண்டு பேர் ஒரே மாதிரி தப்பு செய்தாலும் அது சரிதான். அதிலும் தலைப்பிரசவம் என்றால் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்துப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். போன ஊரில் அவள் விருந்தாளி, அங்கே எழுத மாட்டார்கள். இந்த ஊரில் கேட்டால் அவள் ஊரிலேயே இல்லை என்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் பிறக்கிற குழந்தை கைதவறிய ஊசி மாதிரி எங்கேயோ விழுந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வருஷம் செய்கிற தப்பு அதுதான். பெண் எங்கே போய்ப் பெற்றாலும் புருஷன் வீட்டுக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஜனவரியில் வந்தபோது பாவாத்தாவின் மருமகள் மோகனப்பிரியாவுக்கு நேரே 'கர்ப்பம், மூன்று மாதம்' என்று எழுதிக்கொண்டு போனது துளசிமணிதான். எழுதும்போது அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "அதுக்குள்ளயே எழுதிட்டீங்களா" என்று வெட்கப்பட்டதும் நினைவிருக்கிறது.

பால் இன்னும் சத்தம் போடவில்லை. கூடத்தை ஒட்டிய அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலின் கால் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நகர்ந்தன, நின்றன. மோகனா அங்கேதான் இருக்கிறாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். பிரசவமாகி நாற்பது நாள் கழித்து முந்தாநாள்தான் பிறந்த வீட்டிலிருந்து வந்தாளாம். புருஷன் சிவசங்கர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறான், அடுத்த மாதம்தான் வருவான். நேற்றுத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் வளர்மதி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். மோகனா சத்து மாத்திரை வாங்கப் போயிருக்கிறாள். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகாமல் நின்றாளாம். என்ன கண்ணு என்று கேட்டதற்கு, "செத்துப் பொறக்கற கொழந்த அழுவுங்களாக்கா?" என்று கேட்டாளாம். வளர்மதிக்கு வரிசையில் இன்னும் பத்துப் பேர். "எங்கடி அழுவும், நீ மயக்கத்துல எதையாச்சும் கேட்டிருப்ப" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டாள். சொல்லிவிட்டு வளர்மதி ஊசியை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். துளசிமணிக்குத்தான் அந்தக் கேள்வி காதிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய் ரசத்துக்குப் புளி கரைத்தபோதும் நின்றது. செத்துப் பிறக்கிற குழந்தை அழுமா. அது தெரியாமல் கேட்கிற கேள்வி இல்லை. தனக்குத் தெரிந்ததை யாராவது ஒருத்தர் ஆமாம் என்று சொல்லட்டும் என்று கேட்கிற கேள்வி. வீட்டில் எல்லோரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், நாற்பது நாளாகச் சொல்லியிருக்கிறார்கள், நர்ஸும் சொல்லிவிட்டாள். இனி அரசாங்கமும் ஒரு கட்டத்தில் டிக் அடித்து இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் எங்கே போய்க் கேட்பாள்.

இந்த ஆறு மாதத்தில் பிறப்பு மூன்று, இறப்பு பதினொன்று. அதில் இரண்டு பிறப்பு கோழிப்பண்ணை லைன் வீட்டு ஒடிசாக்காரர்களுடையது. அந்தப் பெண்களில் ஒருத்தி குழந்தையின் பெயரைச் சொல்ல, இவள் தமிழில் எழுதித் திரும்பப் படித்துக் காட்ட, அவள் வாயைப் பொத்திச் சிரித்து மறுபடி சொல்ல, மறுபடி எழுதி, கடைசியில் எந்தப் பெயர் தாளில் ஏறியதோ, லிபுன் என்று நினைப்பு. "அவுங்களையெல்லாம் எதுக்குங்க நம்ம கணக்குல சேர்த்தறீங்க" என்று பண்ணைக்காரர் கேட்டார். ஆறு மாதம் இங்கே சோறு பொங்கினால் இந்த ஊர்க்காரர்கள்தான், படிவத்தில் வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். முதல் வருஷத்தில் ஆறு மாதத்துக்கு இருபத்து நாலு பிறப்பு எழுதினாள். தாள் தீர்ந்துபோய் வெள்ளைத் தாளில் கோடு போட்டு ஒட்டினாள். எந்த வாசலில் நின்றாலும் துணி காய்கிற கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் கிடக்கும். அப்போது அவள் தோள்பையில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும். எழுதி முடித்த கையோடு, ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டு வருவாள். சொல்கிறவள் செய்து காட்ட வேண்டும் என்று, பால்வாடியில் சேர்ந்த புதிதிலேயே தானும் ஒன்றோடு ஆபரேஷன் செய்துகொண்டவள், அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது அந்த ஒன்று, மகள், பெங்களூரில் இருக்கிறது. முப்பத்தெட்டு வயது, குழந்தை வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு பண்ணியிருக்கிறார்களாம். "நீதானம்மா வீடு வீடாப் போயி வேண்டாம் வேண்டாம்னு சொன்னே, நாங்க கேட்டுக்கிட்டோம்" என்று போனில் சிரித்தாள். சிரிப்புத்தான், ஆனாலும் அன்று துளசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் முன்பு குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் எழுதியிருந்த அதே சுவரில் இப்போது குழந்தையின்மைக்குச் சிகிச்சை என்று பெரிய பேனர், கொழுகொழுவென்று ஒரு குழந்தை, வெளிநாட்டுக் குழந்தை. மோகனாவும் மூன்று வருஷம் அந்த ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறி இறங்கினவள். ஊசி, மாத்திரை, தேதி, மறுபடி ஊசி. கடைசியில் தானாகத்தான் தரித்தது என்று பாவாத்தா ஊரெல்லாம் சொன்னாள். முப்பத்தொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்கும் ஒரு வரி உண்டு, 'ஆள் இல்லை' என்று எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் பேனா முனை தாளில் உரசுகிற சத்தம் கேட்கும். குழந்தைகள் நிறைந்த காலத்தில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதே இல்லை.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஒண்ணுமில்லீங்க, மூடி" என்று பாவாத்தா உள்ளிருந்தே சொன்னாள். துளசிமணி சரி என்று தலையாட்டினாள், யாரும் பார்க்கவில்லை. பேனா மூடியைப் போட்டாள், திறந்தாள். இந்தக் கட்டத்தில் அவள் இதற்கு முன்பு டிக் போட்டதே இல்லையா என்ன. பதினான்கு முறை போட்டிருக்கிறாள். பதினொன்று நிஜம். மூன்று பொய். தொண்ணூற்றைந்தில் ஒன்று, தொண்ணூற்றேழில் ஒன்று, தொண்ணூற்றெட்டில் ஒன்று. மூன்றிலும் பக்கத்துக் கட்டத்தில் பெண் என்று இருக்கும். முதலாவது கிணற்றடி வீடு. முந்தின நாள் பொழுது சாயும்போது கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு அந்தச் சுவரோரம் வந்தபோது அழுகை கேட்டது. பசித்த அழுகை, நல்ல தெம்பான அழுகை, தொண்டை கிழிகிற மாதிரி. பெண் பிறந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் படிவத்தோடு போனபோது வாசலிலேயே மறித்துக்கொண்டு மாமியார்க்காரி சொன்னாள், செத்துப் பொறந்துருச்சு டீச்சர். அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தால் கயிற்றுக் கட்டிலில் பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கேட்டிருக்கலாம். உள்ளே போய் உட்கார்ந்து அந்தக் கையைத் தொட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம், அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர்தான் பஞ்சாயத்தில் முக்கியஸ்தர். கதவைத் திறந்தவர்கள் சொன்னதை எழுதினாள். டிக். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. மூன்றாவது தடவை பேனா தானாகவே ஓரத்துக்குப் போனது. அந்த வருஷம் அப்போதிருந்த சூப்பர்வைசர் கூட்டத்தில் எழுந்து, துளசிமணி டீச்சர் பகுதியில் மூன்று வருஷமாகச் சிசு மரணமே இல்லை என்று சொன்னார். கை தட்டினார்கள். அவளும் சேர்ந்து தட்டினாள், என்ன செய்வது என்று தெரியாமல். அந்த மூன்று பேரும் இருந்திருந்தால் இப்போது முப்பதை ஒட்டிய பெண்கள். அந்த வருஷங்களில் பிறந்த பையன்களுக்குத்தான் இப்போது பெண் கிடைக்காமல் பாலக்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் தரகரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவாத்தாவின் சிவசங்கருக்கே நாலு வருஷம் தேடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மோகனா கிடைத்தாள். ஊர் பெண் இல்லை பெண் இல்லை என்கிறது. இருந்தார்கள். அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

பால் விளிம்புக்கு ஏறுகிற சத்தம் கேட்டது. ஏறுகிற பாலுக்கு ஒரு சத்தம் உண்டு, சத்தம் அடங்குகிற மாதிரி ஒரு சத்தம். இப்போதே எழுந்து அந்தக் கதவருகே போய்விடலாமா. போய் என்ன கேட்பது. கேட்டால் அந்தப் பெண் உடைந்து அழுதுவிட்டால். பாவாத்தா காப்பித் தம்ளரோடு வந்து, ஆறுகிற புண்ணைக் கிளறத்தான் வந்தீங்களா என்று கேட்டால் என்ன பதில். ஒரு வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் மாலைக்குள் இருநூற்றுப் பதினாறு வீட்டுக்கும் போய்விடும், அப்புறம் எந்த வாசலிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இந்த வேலையில் அவளுக்கு இருக்கிற ஒரே சொத்து, வாங்க டீச்சர் என்கிற அந்த இரண்டு வார்த்தைதான். அதுகூடப் பரவாயில்லை. அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதைத் தொட்டால் சுட்டது. இது யாருக்காக. அந்தப் பெண்ணுக்காகவா, அல்லது அந்த மூன்று டிக்குகளுக்காகவா. அன்று கேட்காததற்கு இன்று ஒரு பெண்ணின் வாயைத் திறந்து பரிகாரம் தேடிக்கொள்ளப் பார்க்கிறாளா. அப்படியானால் அது அன்று செய்ததைவிடக் கேவலம். அவள் தன்னையே ஒரு அந்நிய வீடு மாதிரி வாசலில் நிறுத்திக் கேட்டாள். இரண்டுக்காகவும்தான் இருக்கும். அறுபத்து மூன்று வயதில் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகச் செய்ய முடியுமா என்ன. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அவள் கேட்காமல் டிக் போட்டாலும் ஒரு முடிவை எழுதியதாகத்தான் ஆகும். கேட்டு, அந்தப் பெண் இல்லை என்று சொன்னால் இல்லை என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். ஆமாம் என்று சொன்னால் இரண்டு தாள் எழுதலாம். எதுவானாலும் சொல்ல வேண்டியவள் அவள்தான், கதவைத் திறந்தவள் இல்லை. தறிச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது, நூல் அறுந்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். துளசிமணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து பிறப்புத் தாளில் ஒன்றையும் இறப்புத் தாளில் ஒன்றையும் உருவி அட்டையின் மேல் வைத்தாள்.

பாவாத்தா காப்பியை நீட்டினாள். "சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்குதுங்க. உங்களுக்கும் சுகர்னு சொன்னாங்க." துளசிமணி வாங்கிக் கீழே வைத்தாள். "ஏம்மா பாவாத்தா, மோகனாவக் கொஞ்சம் வரச் சொல்லு." பாவாத்தாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கை மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டியது. "அவ எதுக்குங்க? நாந்தான் சொல்லிட்டனுங்களே." "பெத்தவளக் கேட்டு எழுதுன்னு தாள்ல போட்டிருக்கு." "இத்தன வருசமா போடலையாக்கும்? சங்கரு பொறந்தப்பக்கூட எங்க மாமியாளக் கேட்டுத்தான எழுதுனீங்க, நான் உள்ளதான கெடந்தேன்." "ஆமா, அப்பவும் போட்டிருந்துச்சு. நான்தான் கேக்கல. வெள்ளிக்கெழமன்னு உங்க மாமியா சொன்னாங்க, எழுதிட்டேன். நீ மூணு மாசம் கழிச்சு வந்து சனிக்கெழமன்னு சொன்னே." பாவாத்தாவை அறியாமல் உதடு லேசாகக் கோணியது. "சனியன்னு பேராயிரும்னு அந்தம்மா மாத்திச் சொல்லிப்போட்டா." "அதான். உள்ள கெடந்தவளுக்குத்தான் தெரியும்." சொல்லி முடிக்குமுன்பே கதவு திறந்தது. மோகனா நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். இருபத்தேழு வயதுப் பெண், முகத்தில் மட்டும் அதற்குள் வயது ஏறியிருந்தது. "உக்காரு கண்ணு" என்றாள் துளசிமணி. அவள் உட்காரவில்லை. துளசிமணி படிவத்தைத் தூக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக, தன் வார்த்தை ஒன்றையும் சேர்க்காமல் படித்தாள். பிறந்தபோது குழந்தை மூச்சு விட்டதா, அழுததா, கை கால் அசைத்ததா. படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"நான் மயக்கத்துல இருந்தனாமுங்க" என்றாள் மோகனா. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, தரையின் டைல்ஸைப் பார்த்துச் சொன்னாள். "அது மத்தவங்க சொல்றது. உனக்குக் கேட்டுச்சா?" மோகனா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கேட்டுச்சுங்க. கார்ல. எங்கப்பா ஓட்டிட்டு இருந்தாரு, என்னப் பாக்க வந்த அத்தயும் கூட இருந்தாங்க, பாலத்து மேல போறப்பவே பொறந்துட்டான். சின்னதா. தும்மப்போற மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் அழுகையாச்சு. ஒருக்காதான்." சொல்லிவிட்டு, "ஒருக்கா அழுதா எழுதுவீங்களா?" என்று கேட்டாள். துளசிமணி ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது பாவாத்தா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "ரெண்டு தடவைங்க" என்றாள். குரல் யாரோ உள்ளறையிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "பாலத்து மேல ஒண்ணு. அப்பறம் இன்னொண்ணு. அப்ப இவளுக்குக் கண்ணு சொருகிருச்சு. எம்மடியிலதான கெடந்தான்." மோகனா திரும்பினாள். கத்தவில்லை. "ஏனுங்கத்த இல்லைன்னீங்க?" "ஆஸ்பத்திரி வாசல்ல போயி எறங்குனதும் அங்க நின்ன நர்சுப் புள்ள நோட்ட வெச்சுக்கிட்டு, உசுரோட பொறந்துச்சான்னு கேட்டா. பொறந்துச்சுன்னா எப்படிச் செத்துச்சும்பாங்க. அறுத்துப் பாக்கோணும்பாங்க. ஒரு மொழம்கூட இல்ல கண்ணு அவன். அவனப் போயி..." பாவாத்தா முந்தானையால் வாயைப் பொத்தி எடுத்தாள். "இல்லைன்னு சொல்லிப்போட்டேன். அங்க சொன்னத வீட்டுல வந்து எப்படி மாத்தறது. நீயும் போன்ல கேக்கக் கேக்க நானும் சொல்லச் சொல்ல, அதுவே நெசம் மாதிரி ஆயிருச்சு." அவள் அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மோகனாவும் தரையில் உட்கார்ந்தாள், கை எட்டுகிற தூரத்தில், தொடாமல்.

துளசிமணி எழுதத் தொடங்கினாள். பிறப்புத் தாளில் வரிசை எண் நான்கு. தாயின் பெயர், வயது. ஆண். தேதி. அடுத்து இறப்புத் தாள், வரிசை எண் பன்னிரண்டு, அதே தேதி. 'இறந்தபோது வயது' என்ற இடத்தில் வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. முதல் நான்கிலும் பூஜ்யம் போட்டாள். "எத்தன நிமிசம் இருந்தான்?" "பத்துப் பதினஞ்சு இருக்குமுங்க" என்றாள் பாவாத்தா. "இல்லீங்க" என்றாள் மோகனா உடனே. "பாலத்துல ஏறறப்ப எங்கப்பா மணி ரெண்டு அஞ்சுன்னு சொன்னாரு. பாலத்துல இருந்து ரயில்வே கேட்டுக்கு எட்டு நிமிசம், எனக்குத் தெரியும், அந்த வழியிலதான் காலேஜ் போனேன்." "கேட் தாண்டி ஆஸ்பத்திரிக்கு?" "அதுவும் ஒரு எட்டு" என்றாள் பாவாத்தா. "வாசல்ல வண்டி நிக்கற வரைக்கும் என் வெரலப் புடிச்சிருந்தான். நின்னப்புறந்தான் விட்டான்." எட்டும் எட்டும் பதினாறு. துளசிமணி எழுதினாள். மோகனா எட்டிப் பார்த்தாள். "கேட் போட்டிருந்தாங்கன்னு எங்கப்பா சொன்னாரே? அதச் சேத்தலையே." பாவாத்தாவின் முகம் இறுகியது. "அந்தப் பாழாப்போன கேட்டு. அது மட்டும் போடாம இருந்திருந்தா..." "அத்த, போட்டிருந்தப்ப அவன் இருந்தான்ல?" பாவாத்தா மருமகளைப் பார்த்தாள். நாற்பது நாளாக அவள் அந்தக் கேட்டைச் சபித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், இப்படி ஒரு கணக்கை நினைத்தே பார்த்திருக்க மாட்டாள். "இருந்தான்" என்றாள் மெதுவாக. "அங்கதான் ரெண்டாவது தடவ அழுதான்." "எத்தன நேரம் நின்னோம்?" "சரக்கு வண்டி. நீளமா வந்துட்டே இருந்துச்சு. ஆறு நிமிசம் இருக்கும். இல்ல, ஏழே இருக்கும்." "ஏழு" என்றாள் மோகனா, துளசிமணியைப் பார்த்து. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. துளசிமணி பதினாறை ஒற்றைக் கோட்டால் அடித்தாள், மேலே இருபத்து மூன்று என்று தெளிவாக எழுதினாள், பக்கத்தில் தன் பெயரை முழுசாகப் போட்டாள்.